பிசாசோடு ஒரு பேரம்

பிசாசோடு பேரம் பேசும் கதைகளில் வழக்கமாக ஒரு நியாயம் இருக்கும். பேரம் பேசியவனே விலையையும் கொடுப்பான். மார்லோவின் நாடகத்திலே பாஸ்டஸ் 24 வருஷச் சுகத்துக்காகத் தன் ஆத்மாவை எழுதிக் கொடுக்கிறான். தவணை தீர்ந்ததும் அவனையே வந்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். கணக்கு நேராகிவிடுகிறது. கணக்கு நேராகாத கதை ஒன்று உண்டு. ஜோனாதன் ஸ்ட்ரௌட் என்ற ஆங்கில நாவலாசிரியர் 2003-ல் வெளியிட்ட ‘சமர்கந்துத் தாயத்து’ அது. இளவயதினருக்கென்று எழுதிய நாவல்தான். ஆனாலும் பெரியவர்கள் படித்தால் சற்று அதிகமாகவே சங்கடப்படுவார்கள்.

கதை நடப்பது லண்டனில். ஆனால் அங்கே மந்திரவாதிகளே மந்திரிகள். அவர்களுக்கென்று சொந்தச் சக்தி எதுவும் கிடையாது. வேறோர் உலகத்திலிருந்து ஜின்களை இழுத்து வந்து, வட்டத்துக்குள் நிறுத்தி, தண்டனைக்குப் பயந்து வேலை செய்ய வைக்கிறார்கள். அந்தப் பலத்தில்தான் சாம்ராஜ்யம் நடக்கிறது. நதானியல் என்ற சிறுவனைச் சின்ன வயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரித்து, அண்டர்வுட் என்ற மந்திரவாதியிடம் சீடனாக விடுகிறார்கள். லவ்லேஸ் என்ற பெரிய மந்திரவாதி ஒருநாள் அவனைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துகிறான். குரு வாய் திறக்கவில்லை. பையன் இரகசியமாகக் கற்று, ஐயாயிரம் வயதான பார்ட்டிமேயஸ் என்ற ஜின்னை வரவழைத்து, லவ்லேஸிடமுள்ள தாயத்தைத் திருடி வரச் சொல்கிறான்.

அலாவுதீன் கதையைப் படித்திருக்கிறோம். விளக்கைத் தேய்த்ததும் வந்து நிற்கிற பூதம் மனசுக்குள் என்ன நினைத்தது என்று நாம் கேட்டதில்லை. ஸ்ட்ரௌட் கேட்டிருக்கிறார். கதையில் பாதியைப் பார்ட்டிமேயஸே சொல்கிறது. தற்பெருமை, கேலி, போதாததற்கு அடிக்குறிப்புகள் வேறு! தன்னைப் பிசாசு என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்கு ரோஷம் வருகிறது. அதற்கு வேண்டியது யாருடைய ஆத்மாவும் அல்ல. வேலையை முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும். ஆகவே தொடக்கத்தில் இங்கே பேரமே கிடையாது. வெறும் அடிமைத்தனந்தான்.

பேரம் பிறக்கிற இடத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மந்திரவாதியாகிறவன் தன் பிறவிப் பெயரை மறந்துவிட வேண்டும் என்பது அந்த உலகத்துச் சட்டம். பெயர் தெரிந்த ஜின், ஏவிய தண்டனையை ஏவியவன்மேலேயே திருப்பிவிடும். அந்த வீட்டில் பையனிடம் அன்பு காட்டுகிற ஒரே ஜீவன் குருவின் மனைவி. அவளிடம் மட்டும் அவன் தன் பெயரைச் சொல்லியிருக்கிறான். அவள் ஆசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அது ஜின்னின் காதில் விழுகிறது. அந்த நிமிஷம் முதல் பையனின் குடுமி அதன் கையில். உடனே அவனும் ஒரு மந்திரம் போடுகிறான். ஒரு மாதத்துக்குள் தான் வந்து விடுவிக்காவிட்டால் ஜின் ஒரு புகையிலை டப்பாவுக்குள் என்றென்றைக்கும் அடைபட்டுக் கிடக்க வேண்டும். டப்பாவோ தேம்ஸ் நதியின் அடியில்! ஒருவர் கழுத்தில் மற்றவர் கை. இனிமேல்தான் இருவரும் பேசியாக வேண்டும்.

விலையைக் கொடுத்தது யார்? லவ்லேஸ் தாயத்தைத் தேடி வந்து வீட்டை எரிக்கிறான். பையன் தப்புகிறான், தப்புவிப்பது ஜின். நெருப்பில் போவது அந்த அம்மாள். எந்தப் பேரமும் பேசாமல், எதையும் எதிர்பாராமல் அன்பு வைத்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்காகப் பழி வாங்கப் புறப்படுகிற பையன், திருட்டைத் தொடங்கி வைத்தது தன் கை என்பதைப் பெரும்பாலும் நினைக்க விரும்புவதில்லை. ஆசிரியரும் அதைத் தூக்கிப் பிடித்து உபதேசம் செய்யவில்லை. கடைசியில் பையன் ஜின்னுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறான். அதே சமயம், தாயத்தைத் திருடியது தானே என்பதை மறைத்து, மேலிடத்தில் ஒரு புதிய இடத்தையும் சம்பாதித்துக்கொள்கிறான். அடிமைக்கு உண்மையாகவும் உலகத்துக்குப் பொய்யாகவும் நடக்கிறவனை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? இந்தக் கேள்வியை வாசகன் தலையில் கட்டியதுதான் இந்த நாவலின் வெற்றி என்பேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. பார்ட்டிமேயஸ் பேசி முடித்ததும் பையனைப் பற்றிய அத்தியாயங்கள் விளக்கை அணைத்த மாதிரி ஆகிவிடுகின்றன. லவ்லேஸ் நாம் பல கதைகளில் பார்த்துப் பழகிய வில்லன்தான். முடிவில் வருகிற மாளிகைக் காட்சியில் சத்தம் அதிகம், பயம் குறைவு. தொடர்ந்து வந்த இரண்டு நாவல்களில், அதிலும் 2005-ல் வந்த மூன்றாவதில், ஆசிரியர் இன்னும் ஆழமாகப் போகிறார். ஜின்னைக் கட்டிப்போடாமல், அதைச் சமமாக நடத்திய டாலமி என்ற சிறுவன் அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்தானாம். பார்ட்டிமேயஸ் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் எகிப்தியச் சிறுவனின் உருவம் அவனுடையதுதான். அது தெரிந்த பிறகு, முதல் நாவலின் கேலிகளெல்லாம் வேறு மாதிரி ஒலிக்கின்றன.

பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். அவர்கள் படித்து முடித்ததும் நீங்களும் எடுத்துப் படியுங்கள். அவர்கள் சிரித்த இடங்களில் உங்களுக்கும் சிரிப்பு வரும். அந்த அம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் மட்டும் சிரிப்பு வராது.