நன்னூல் விலக்கிய மாணாக்கர்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வாயிலாக யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த பகுதி. அதன்கண் ஒரு முரண் உளது.

பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்து, மாணாக்கன் எவ்வாறு கொள்வான் என்பதறிந்து, அவன் மனம் ஏற்குமாறு கற்பிக்க வேண்டுமென்கின்றார் முனிவர். எக்காலத்துக்கும் ஏற்ற விதி. ஆயின், நூல் கற்பிக்கத் தகாதாரை எண்ணும் சூத்திரத்தில் கள்வன், சினத்தன், படிறன் என்பாரோடு பிணியனும் மந்தனும் ஒருங்கு வைக்கப்பட்டுள்ளனர். களவு ஒழுக்கக்குற்றம், பிணி யார் செய்த குற்றம்? மந்தனையும் விலக்கியபின் முன்னைய விதி யார்பொருட்டு எழுந்தது? விரைந்து கொள்வானுக்கு அது பெரிதும் வேண்டுவதன்று.

எல்லாச் சிறாரையும் ஏற்கும் பள்ளி அக்காலத்தில் இல்லை. ஆதலின் முனிவரைப் பழித்தல் முறையன்று. குறைபாடுடைய சிறாரும் பொதுப்பள்ளியிலேயே கற்றல் வேண்டுமென்பதை, ஸ்பானிய நாட்டுச் சலமன்கா நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு 1994இலேதான் உலகறிய உரைத்தது. அதன் பின்னரும், செவிப்புலன் குன்றிய சிறுவனைப் பின்வாங்கில் இருத்தி, 'இவனுக்கு ஏறாது' என்று கைவிடும் ஆசிரியர் விலக்குச் சூத்திரத்தையே கைக்கொள்கின்றார். அன்னார் அப்பாயிரத்தை இன்னுஞ் சிறிது புரட்டிப் பார்க்கலாம். பஞ்சடைத்த குடுக்கைபோல எளிதிற் கொடுக்கமாட்டாரை ஆசிரியராகாரென விலக்கியவரும் அம்முனிவரே.