பன்னீர்த் திராட்சையின் பங்காளி

நோத்ர-டாம்-த-கிரேஸில் நண்பர் ஒருவர் வீட்டில் கூடும்போதெல்லாம் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, பெயரை மறைத்து ஊற்றுவது வழக்கம். எந்தத் திராட்சை என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். போன மாதம் வந்தது ஒரு வெள்ளை ஒயின். முகர்ந்ததும் எனக்கு நினைவு வந்தது கம்பம் பேருந்து நிலையத்தில் கூடையில் விற்கும் பன்னீர்த் திராட்சை.

சொல்லக் கூச்சமாக இருந்தது. "லிச்சி" என்றேன். மணமுள்ள வெள்ளை ஒயின்களைப் பற்றிய குறிப்புகளில் லிச்சி தவறாமல் வரும். நானோ முதுகலை படிக்க வெளிநாடு போன பிறகுதான் லிச்சியைத் தின்றேன், அதுவும் டப்பாவில் அடைத்ததை.

லிச்சி என்றதும் நண்பர்கள் கெவூர்ட்ஸ்ட்ரமினர் என்று முடிவுகட்டினார்கள். மூக்கு அதை ஒப்புக்கொள்ளும், நாக்கு ஒப்பவில்லை. கெவூர்ட்ஸ்ட்ரமினரில் புளிப்பு குறைவு. எண்ணெய்போல வாயில் கனத்து நிற்கும். இது மெலிந்த ஒயின். இனிக்கப்போகிறது என்று மணம் சொன்னது. விழுங்கினால் துளி இனிப்பில்லை, கடைசியில் நாரத்தைத் தோலைக் கடித்த கசப்பு. கியூபெக்கில் விளையும் விடாலோ என்றார் ஒருவர். இவ்வளவு பூவாசத்தை நான் விடாலில் கண்டதில்லை.

நண்பரின் மகளுக்குப் பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள். கோப்பையை முகர்ந்து மட்டும் பார்த்தாள். "கல்யாண ஹால் வாசல்ல தெளிப்பாங்களே அங்கிள், அது."

தாளைப் பிரித்தால், தொரோந்தேஸ். அர்ஜென்டினாவின் சால்தா மாகாணத்தில், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள கஃபயாத்தேயில் விளைந்தது.

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். மரபணு ஆய்வுகளின்படி, தொரோந்தேஸ் ரியோஹானோவின் பெற்றோரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட் திராட்சை. மற்றது ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன லிஸ்தான் பிரியெத்தோ. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் பெற்றோரிலும் ஒன்று அதே அலெக்சாந்திரியா மஸ்கட்! மஸ்கட் குடும்பத்து மணத்தில் லினலூலுக்கும் ஜெரனியாலுக்கும் பெரிய பங்கு உண்டு. ஜெரனியால் ரோஜாவிலும் இருக்கிறது, ஆகவே பன்னீரிலும். (லினலூல் கொத்தமல்லி விதையில் ஏராளம். அதை யாரும் முகர்ந்து சொல்லவில்லை, நான் உட்பட.)

ஒயினைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம், என்னையும் சேர்த்துத்தான், எனக்குள்ள குறை இது: இரவல் பழங்களை வைத்தே ருசியை அளக்கிறோம். மணத்தைக் கொண்டே பழத்துக்குப் பெயர் வைத்த கம்பத்துக்காரர்கள் நம்மைவிடத் தேர்ந்த விமர்சகர்கள். நான் "பன்னீர்" என்று சொல்லியிருந்தால் பேச்சு மஸ்கட் குடும்பத்துக்குள் போயிருக்கும். அதற்குள் தொரோந்தேஸைப் பிரித்தறிய அந்தச் சொல் மட்டும் போதாது, உண்மைதான். அங்கே கசப்புதான் துப்பு.

ஒயின் எப்படி என்றால், நடுத்தரம். மூக்குக்குக் கொடுத்த வாக்கில் பாதியைத்தான் வாய்க்குக் காப்பாற்றியது. குளிர் குறையக் குறையக் கசப்பு மேலே வந்தது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த இறால் வந்த பிறகு அது கொஞ்சம் அடங்கியது, பாட்டிலும் காலியானது.