ஒரு சொட்டு எண்ணெய்

காளவாசல் என்றால் சூளை. சித்திரை வெயிலில் அந்தப் பெயர் எங்கள் பகுதிக்கு நன்றாகவே பொருந்துகிறது. பைபாஸ் ரோட்டுப் புழுதி ஜன்னல் வழியே வந்து என் பழைய கம்ப்யூட்டருக்குள் படியும். உள்ளே இருப்பது 2002இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 கிராஃபிக்ஸ் கார்டு. அதன் குட்டி ஃபேன் போன கோடையில் கரகரக்கத் தொடங்கியது. என் கார்டுக்கு அடுத்த வருடம், 2003இல், வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா கார்டின் ஃபேன் இரைச்சலோ உலகப் பிரசித்தம். அதைத் தயாரித்த என்விடியாவே அதைக் கேலி செய்து படம் எடுத்தது.

என் ஃபேனில் கத்தியது இறக்கை அல்ல, அச்சு. அதில் பால் பேரிங் கிடையாது. எண்ணெய் ஊறிய புஷ்ஷுக்குள் அச்சு சுழல்கிறது. பல வருடச் சூட்டில் எண்ணெய் வற்ற, அச்சு ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் ஓசை.

பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். ஓர் இறக்கையில் மட்டும் அப்பியிருந்தாலும் சமநிலை கெடும். ஃபேனைக் கழற்றி, பின்புற ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். தேங்காய் எண்ணெய் கூடாது. நாளடைவில் பிசுக்கேறி இறுகிவிடும். விரலால் நாலு சுற்று சுற்றியதுமே அச்சு வழுக்கிக்கொண்டு ஓடியது. என்ன சுகம் அது!

வழிந்ததைத் துடைத்து, ஸ்டிக்கரை ஒட்டி, கம்ப்யூட்டரைப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது.