‘வீடற்றவன்’: இரக்கத்தோடு மட்டும் வாசிக்கலாமா?

பலஸ்தீனத்தைப் பற்றி ஒரு கவிதையாவது இல்லாமல் நமது இதழ்கள் வருவதில்லை. நல்லதுதான். பெய்த் ஸஹூர் ஊரார், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், 1989இல் ஆக்கிரமிப்பாளனுக்கு வரி கட்டமாட்டோம் என்று நின்றார்கள். இராணுவம் வீட்டுச் சாமான்களையும் கடைச் சரக்கையும் அள்ளிக்கொண்டு போனது. அதைப் போராட்டம் என்றே வாசிக்கிறோம். ஆனால் சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலைக் கையில் எடுத்தால் மட்டும் “ஐயோ பாவம், தோட்டத்துச் சனம்” என்று விடுகிறோம். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன்.

அந்த நாவலில் வருபவன் சங்கம் அமைக்கப்போய் வீட்டை இழக்கிறான். தோட்டத்தில் வேலையும் காம்பராவும் ஒரே துரையின் கையில். பத்துச்சீட்டு கிடைத்தால் சம்பளத்தோடு கூரையும் போகும். கையில் கல்லெடுக்காமல் நிற்பதற்கே அவன் கொடுக்க வேண்டிய விலை அது. இதைக் கணக்கில் எடுக்காமல் அவனுடைய பொறுமையைப் பணிவு என்று வாசித்தால், நாவலைப் பாதிதான் வாசித்திருக்கிறோம்.

எழுதியவரும் வெளியே நின்று பார்த்தவரல்லர். 1947இல் தலவாக்கலை எம்.பி. அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரை அனுப்பியது. 1948இல் பிரஜாவுரிமை போனது, அடுத்த வருஷம் வாக்கும் போனது. 1952இல் அந்தக் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தது. அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர் ஏ. அஸீஸ் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க வந்தபோது, 1977 மே மாதம், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தார்.

எனக்கு இவற்றைவிட 1986தான் பெரிதாகப் படுகிறது. தைப்பொங்கலன்று தொடங்கி, தொழிலாளர்கள் வேலை நேரத்தில் பிரார்த்தனையில் உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தம் என்று சொன்னால் தடுக்கலாம். சாமி கும்பிடுகிறவர்களை என்ன செய்வது? கொழுந்தோ காத்திருக்காது, எடுக்காமல் விட்டால் முற்றிப்போகும். நாடற்றவர்களாக எஞ்சியிருந்த 94,000 பேருக்கான பிரஜாவுரிமைச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. துஆ கேட்பது கையாலாகாதவன் வேலை என்று பேசுகிற நம்மவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்த அந்தப் பெண்களைப் பற்றி ஒரு நல்ல நாவலை நான் இன்னும் படிக்கவில்லை.