மேற்கு ஜன்னலில் ஒரு படலம்

சென்னையில் மேற்கு நோக்கிய ஜன்னல்களையுடைய அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்களுக்கு, பிற்பகல் மூன்று மணிக்குமேல் வீட்டின் ஒரு பாதி உபயோகமற்றுப் போகும் கஷ்டத்தை எடுத்து விவரிக்க வேண்டியதில்லை. கனத்த திரைச்சீலையைத் தொங்கவிட்டால் வெயிலோடு வெளிச்சமும் போய்விடுகிறது, ஏ.சி.யை ஓயாமல் ஓடவிட்டாலோ மின்சாரக் கட்டணத்துக்கு வழி தேட வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியாக, கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்படுவதும், கடைத்தெருவில் ‘சன் பிலிம்’ என்று வழங்குவதுமான மெல்லிய படலம் இப்போது வீடுகளிலும் பிரவேசித்திருக்கிறது. பீங்கான் நுண்துகள் கலந்த செராமிக் வகையைச் சேர்ந்த படலத்தை என் வீட்டுக் கூடத்திலும் படிப்பறையிலும் தை மாதத்தில் ஒட்டச் செய்து, கத்திரி வெயிலையும் ஐப்பசி மழையையும் அதனோடு கழித்த பிறகே இதை எழுதுகிறேன். அதன் குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது சொற்பம். ஒட்டிய பிறகு அதைப் பேணும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே அதிகம். நல்ல படலம் ஒன்று அகாலத்தில் கெடுமானால், அதற்குப் பெரும்பாலும் காரணமாவது அதைத் துடைக்கும் கைதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் குணம். பூமியை வந்தடையும் சூரிய சக்தியில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகவும், மிகச் சிறு பகுதி புற ஊதாக் கதிர்களாகவும், எஞ்சியது நாம் காணும் வெளிச்சமாகவும் இருக்கிறது. தரமான படலம் புற ஊதாக் கதிர்களில் 99 சதவீதத்தைத் தடுத்துவிடும். அகச்சிவப்பில் பெரும் பங்கைத் தடுத்து, வெளிச்சத்தை மட்டும் வேண்டிய மட்டுக்கு உள்ளே விடுவதில்தான் ஒரு வகைக்கும் மற்றொரு வகைக்கும், ஒரு விலைக்கும் மற்றொரு விலைக்கும் உள்ள பேதம் தெரிகிறது. என் கூடத்தில் ஜன்னலோரத்து நாற்காலியில் மாலை வேளையில் மேனியைச் சுடாமல் உட்கார முடிகிறது. ஆனால் அறை முழுவதும் குளிர்ந்துவிட்டதாகச் சொல்வது உண்மையாகாது. பகலெல்லாம் சூடேறிய சுவரும் மொட்டைமாடித் தளமும் உள்ளே அனுப்பும் வெப்பத்துக்கு ஜன்னலில் ஒட்டிய படலம் என்ன செய்ய முடியும்? புத்தக முதுகுகள் வெளுப்பதும் தாமதப்படுமேயன்றி நின்றுபோகாது. வெளுக்க வைப்பதில் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. இந்த வரம்புகளை அறிந்து வாங்குகிறவருக்கு ஏமாற்றம் நேராது.

இனிப் பராமரிப்பு. அதன் நியாயங்கள் விளங்க வேண்டுமானால் இந்தப் பொருள் எதனால் ஆனது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு ரசாயன நிபுணர்கள் கண்ட பாலியஸ்டர்தான் இதன் தேகம். நம் சட்டைத் துணியிலும் தண்ணீர் பாட்டிலிலும் இருப்பது அதே வஸ்துவே. வீட்டு ஜன்னலுக்குரிய படலம் சுமார் 50 மைக்ரான் தடிமன் இருக்கும். அதன் ஒரு முகத்தில் பசையும், அறையை நோக்கிய மறு முகத்தில், கீறல் விழாமல் காக்கும் பொருட்டு ஒருசில மைக்ரான் கனத்தில் கடினமான மேற்பூச்சும் இருக்கின்றன. ஒட்டிய நாள் முதல் நாம் துடைப்பதெல்லாம் அந்த மேற்பூச்சைத்தான். கண்ணாடி அதற்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் அத்தனை எச்சரிக்கைகளையும் ஒருவர் தாமே ஊகித்துவிடலாம்.

படலத்தை ஒட்ட வருகிறவர் கண்ணாடியை பிளேடால் சுரண்டிச் சுத்தம் செய்து, சோப்பு கலந்த நீரைத் தாராளமாகத் தெளித்து, அதன்மேல் படலத்தை மிதக்கவிட்டு, இடம் பார்த்து நகர்த்தி, பிறகு ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி நீரை வழித்துத் தள்ளுகிறார். எவ்வளவு கைத்திறமையோடு வழித்தாலும் பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கொஞ்சம் ஈரம் தங்கியே தீரும். அந்த ஈரத்துக்குக் கண்ணாடியின் வழியே வெளியேற மார்க்கமில்லை. பாலியஸ்டரோ நீராவியை மிக மெல்ல, மிகச் சொற்பமாகவே ஊடுருவ விடும் சுபாவமுடையது. ஆகையால் உள்ளிருக்கும் ஈரம் முழுவதும் ஆவியாகிப் பசை கண்ணாடியை இறுகப் பற்றிக்கொள்ள வாரக்கணக்கில் காலம் பிடிக்கிறது. முப்பது நாள் என்பது இத்தொழிலில் பொதுவாக வழங்கும் கணக்கு. உலோகப் பூச்சுள்ள படலத்துக்கும், கண்ணாடி உடைந்து சிதறாமலிருக்க ஒட்டப்படும் தடித்த பாதுகாப்புப் படலத்துக்கும் இன்னும் அதிக நாளாகும். மழைக்காலத்திலும் நிழல் விழும் சுவரிலும் அவ்வாறே. என் கூடத்து ஜன்னல் மேற்கு வெயிலின் தயவால் விரைவில் தெளிந்துவிட்டது. வடக்குப் பார்த்த படிப்பறை ஜன்னலோ நெடுநாள் பனி படிந்தாற்போல் மங்கியே இருந்து, பிறகுதான் துலங்கிற்று.

இந்த இடைக்காலத்தில்தான் வீட்டுக்காரரின் பொறுமைக்குப் பரீட்சை. வேஷ்டியில் பிழிந்த வடாம், மேலே காய்ந்துவிட்டதாகத் தோன்றும்போதும் உள்ளே ஈரம் மாறாதிருப்பதுபோல, படலமும் பார்வைக்கு ஒட்டிக்கொண்டதாகத் தெரியும்போதே பசை இன்னும் இளகிய நிலையில் இருக்கிறது. அங்கங்கே சிறு நீர்க் கொப்புளங்கள் தென்படும். அவை நாளுக்கு நாள் வடிவம் மாறிச் சுருங்கி மறைவனவாகையால் அவற்றைக் கண்டு கலங்க வேண்டியதில்லை; ஊசியால் குத்துவதும், நகத்தால் ஓரத்துக்குத் தள்ளுவதும் கூடவே கூடாது. வடிவம் மாறாமல் ஒரே இடத்தில் கூடாரம்போல் நிற்கும் சிறு புள்ளி இருந்தால் அது உள்ளே சிக்கிய தூசி. எத்தனை நாளானாலும் அது போகாது. அவ்வாறான புள்ளிகள் மிகுந்திருந்தாலோ, ஓரங்கள் மடிந்து எழும்பியிருந்தாலோ, ஒட்டியவரை அழைத்துக் காட்டுவது நியாயம். அதையும் ஒரு மாதம் கழித்து, பகல் வெளிச்சத்தில், ஆறடி தள்ளி நேரெதிரே நின்று பார்த்துத் தீர்மானிப்பதே தொழில்முறை. மூக்கு தொடும் தூரத்தில் நின்று குறை தேடினால் குறையில்லாத ஜன்னல் உலகத்தில் கிடையாது என்பதால், இந்த விதியை நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். நான்கு ஓரங்களிலும் மயிரிழையளவு விட்டிருக்கும் இடைவெளியைக் குறையென்று எண்ணுகிறவர்கள் உண்டு. படலம் சட்டத்தில் முட்டி எழும்பாமலிருக்க அது வேண்டுமென்றே விடப்படுவது.

நம் வீடுகளில் நகரும் ஜன்னல்களே அதிகம். கைப்பிடியை விட்டுவிட்டுக் கண்ணாடியின்மேல் உள்ளங்கையை ஊன்றித் தள்ளும் பழக்கமும் அதிகம். முதல் மாதத்தில் இதை அறவே விலக்க வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் கொக்கிகளை மாட்டுவதும், குழந்தைகள் ஸ்டிக்கர் ஒட்டுவதும், பண்டிகைக்குத் தோரணத்தை செல்லோ டேப்பால் பதிப்பதும் முதல் மாதத்தில் மட்டுமன்றி எக்காலத்திலும் ஆகா. பிய்த்தெடுக்கும்போது மேற்பூச்சோ, சில சமயம் படலமோ கூடவே வந்துவிடும். ஆயுத பூஜையன்று கதவுக்கும் ஜன்னலுக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகிற வீடுகளில் அவற்றைச் சட்டத்தில் இட்டுக்கொள்ளலாம். பூஜைக்கும் குறைவில்லை, படலத்துக்கும் கறையில்லை.

ஒரு மாதம் கழிந்தபின் சுத்தம் செய்வதைப் பற்றி: தெருவிலிருந்து வந்து படியும் தூசியில் மணல் துகள் கலந்திருக்கிறது. மணலின் முக்கிய அம்சமாகிய குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உலர்ந்த துணியால் உலர்ந்த தூசியைத் தேய்ப்பதென்பது, ஆகவே, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமானம். முதலில் நீரைத் தெளித்துத் தூசியை இளக்கி வழியவிட வேண்டும், அதன்பிறகே துணி. ஒரு லிட்டர் நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பூவையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ சில துளிகள் மட்டும் கலந்தால் போதுமானது. மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ரப்பர் விளிம்பு நெளியாத ஒரு வைப்பர், ஒரு ஸ்ப்ரே பாட்டில் — இவற்றுக்கு மேல் எந்தச் சாதனமும் வேண்டியதில்லை. படலத்தோடு சேர்த்து விற்கப்படும் விசேஷத் திரவம் ஒன்றையும் நான் உபயோகித்துப் பார்த்தேன். சோப்பு நீருக்கு மேற்பட்ட பிரயோஜனம் எதையும் அதில் காணவில்லை. மேலிருந்து கீழாக வைப்பரை ஒரே சீராக இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் விளிம்பைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் நான்கு ஓரங்களையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஓரத்தில் தேங்கும் நீர்தான் நாளடைவில் பசையைக் கிளப்புவது.

அமோனியா கலந்த கண்ணாடித் திரவங்களை நான் வீட்டிலேயே வைத்துக்கொள்வதில்லை. சாயம் ஏற்றிய படலத்தின் நிறத்தை மாற்றவும், ஓரங்களின் வழியே புகுந்து பசையைக் கெடுக்கவும், அலுமினியப் பூச்சு உடையவற்றில் அந்தப் பூச்சையே அரிக்கவும் அதற்குச் சக்தியுண்டு. பீங்கான் வகை அதைச் சற்றுத் தாங்கும் என்பார்கள். சோப்பு நீரில் காரியம் முடியும்போது அந்தச் சோதனைக்கு அவசியம் என்ன?

அதைவிட ஆழ வேரூன்றியவை நம் பழைய வழக்கங்கள். அரிக்கேன் விளக்கின் சிம்னியை விபூதியால் துடைத்துப் பளபளக்கச் செய்த தலைமுறையின் கைப்பழக்கம், பழைய செய்தித்தாளை நனைத்து ஜன்னலைத் தேய்ப்பதாக இன்றும் பல வீடுகளில் தொடர்கிறது. வெறும் கண்ணாடிக்கு இரண்டுமே உத்தமமான முறைகள். படலத்துக்கு இரண்டுமே ஆகாதவை. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் செய்தித்தாளால் கண்ணாடி துடைப்பதில் மிகுந்த தேர்ச்சியுள்ளவர். படலம் ஒட்டிய அன்று மிஞ்சிய துண்டொன்றை அவர் கையில் கொடுத்து, “அம்மா, ஜன்னல்ல இனிமே இதுதான் இருக்கு, பேப்பர் போட்டுத் தேய்ச்சா கீறிடும்” என்றேன். அவர் அதை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, “அப்ப மெத்துத் துணியும் சோப்புத் தண்ணியும்தான் சார் இதுக்கு” என்றார். பக்கம் பக்கமாக அச்சிட்ட குறிப்பேட்டின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. வீட்டில் யார் ஜன்னலைத் துடைக்கிறார்களோ அவர்களுக்குப் பொருளைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுவது முதல் கடமை.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையின் பல பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் மிகவும் கடினமானது; அது உலர்ந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். வெறும் கண்ணாடியில் படிந்தால் அழுத்திச் சுரண்டலாம், படலத்தில் அதுவும் முடியாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து, தெளியவைத்து மெல்லிய துணியில் வடிகட்டிக்கொண்டால், காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டதாகையால் அதில் உப்பு அநேகமாக இராது. இந்தக் காரியத்துக்கு அதைவிடச் சிறந்த நீர் செலவில்லாமல் கிடைக்காது. மழை நீரும் அவ்வாறே.

வாங்க நினைப்பவர்கள் தை, மாசியில் ஒட்டச் செய்வது நலம். மழை குறைந்த நாட்களாகையால் கத்திரி தொடங்குமுன் பசை இறுகிவிடும். உத்தரவாதப் பத்திரத்தில் வருஷக் கணக்கைப் பார்ப்பதோடு நில்லாமல், எந்தத் திரவத்தை உபயோகித்தால் உத்தரவாதம் ரத்தாகும் என்ற சிறிய எழுத்தையும் வாசித்துவிட வேண்டும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் படிப்பறைக்கும் இதைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன். சமையலறை ஜன்னலுக்கு மட்டும் வேண்டாம். தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை கண்ணாடியில் பிசுக்காகப் படியும். அதைப் போக்கக் காரமான திரவமும் அழுத்தமான தேய்ப்பும் அடிக்கடி தேவைப்படும். அவ்விரண்டையும் இந்தப் படலம் தாங்காது. அங்கே வெயில் பொறுக்க முடியாததாக இருந்தால், இடமுள்ளவர்கள் வெளிப்புறத்தில் ஒரு மூங்கில் தட்டியைக் கட்டிவிடலாம்.