யானைக்காலுக்கு ஒரு கையேடு

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் கேட்டார்: “சார், பைலேரியா மாத்திரை சாப்பிட்டால் எங்கள் பாட்டியின் கால் வீக்கம் வடிந்துவிடுமா?” பௌதிகம் கற்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. தேடியபோது கிடைத்ததே ‘பேசிக் லிம்ஃபெடீமா மேனேஜ்மென்ட்’ என்ற ஆங்கில நூல். ஜெருசா ட்ரையர், டேவிட் ஆடிஸ் முதலிய நால்வர் எழுதி 2002-இல் வெளிவந்தது.

மாத்திரை இரத்தத்திலுள்ள புழுக் குஞ்சுகளை அழிக்கும். நோய் பிறருக்குப் பரவுவதைத் தடுக்கும். ஆனால் முதிர்ந்த புழுக்கள் பல ஆண்டுகள் தங்கிச் சிதைத்த நிணநீர்க் குழல்களை அது செப்பனிடாது. அப்படியானால் நோயாளியைக் கைவிட வேண்டியதுதானா? கூடாது என்பதே இந்நூலின் செய்தி.

வீக்கத்தை வளர்ப்பது புழு மட்டுமன்று. விரலிடுக்குச் சேற்றுப்புண், வெடிப்பு, கீறல் இவற்றின் வழியே பாக்டீரியாக்கள் நுழைகின்றன. நெறி கட்டுகிறது, குளிர்காய்ச்சல் வருகிறது, கால் சிவந்து வலிக்கிறது. இது திரும்பத் திரும்ப வருவதால் தோல் மேலும் மேலும் தடிக்கிறது. எனவே நாள்தோறும் சோப்புப் போட்டுச் சுத்தமான நீரால் கழுவுதல், விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துதல், புண்ணுக்கு மருந்திடுதல், காலை உயர்த்தி வைத்தல், கணுக்காலை அசைத்தல், பொருத்தமான செருப்பணிதல் ஆகியவையே பராமரிப்பு. பிரேசிலின் ரெசிஃபி நகரில், நோயாளிகளே கூடிப் பேசும் ‘நம்பிக்கைக் கழகங்கள்’ மூலம் இம்முறை வளர்ந்தது.

நூலாசிரியர்கள் வீக்கத்தை ஏழு நிலைகளாகப் பிரிக்கின்றனர். இரவு உறங்கி எழுந்ததும் வீக்கம் வடிந்தால் முதல் நிலை, வடியாவிட்டால் இரண்டாவது. பின்னர் தோல் மடிப்பு, முடிச்சு, ஆழ்ந்த மடிப்பு, பாசி போன்ற சொரசொரப்பு என வளர்கிறது. அன்றாட வேலையைத் தானே செய்ய முடியாமற் போவது ஏழாவது. ‘சுற்றளவை அளக்காமல் இதென்ன பகுப்பு?’ என்று முதலில் குறை கண்டேன். பிறகுதான் புரிந்தது: கிருமி நுழைவது தோல் வழியே, ஆகவே தோலைப் பார்க்கிறார்கள். அதற்குக் கருவி வேண்டாம், கண் போதும். இதுவே நூலின் சிறப்பு.

குறை ஒன்று உண்டு. என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் அளவுக்கு, ஏன் என்பதை விரித்திருக்கலாம். நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால்வரை ஒரு மீட்டருக்கு மேல் திரவத்தம்பம் நிற்கிறது. ஒரு மீட்டர் நீர்த்தம்பத்தின் அழுத்தமே சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம். அந்த அழுத்தம் காலின் நுண்குழாய்களிலிருந்து நீரைத் திசுக்களுக்குள் தள்ளுகிறது. காலை உயர்த்தினால் தம்பம் குறுகுகிறது; கசிவு குறைகிறது. நிணநீருக்கு இதயம் போன்ற தனிப் பம்பும் இல்லை. குழல்கள் தாமே சுருங்குவதும், அவற்றைத் தசைகள் பிழிவதும், ஒருவழி வால்வுகளும் சேர்ந்தே அதை மேலேற்றுகின்றன. கணுக்காலை அசைக்கச் சொல்வது இதனால்தான். காரணம் தெரிந்தவர் ஒரு மாதத்தில் சலித்து விட்டுவிட மாட்டார் அல்லவா?

இதய நோயுள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் காலை உயர்த்தி வைக்கக் கூடாது. காய்ச்சலும் வலியும் உள்ளபோது பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அந்த மாணவரிடம் சொன்னேன்: “தம்பி, பாட்டியின் கால் பழையபடி ஆகாமற் போகலாம். ஆனால் அடிக்கடி வரும் காய்ச்சலைக் குறைக்க முடியும். இன்றே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு அவர் அருகில் உட்கார்.” வாசகர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படியொரு கால் இருந்தால், உங்களுக்கும் அதையே சொல்வேன்.