ஹாஃப் இன்ஜினா, ஃபுல் இன்ஜினா?

மோட்டார் சைக்கிள் இன்ஜின் வேலைக்கு எஸ்டிமேட் போடுவதில் முதல் கேள்வி, எதுவரை பிரிப்பது என்பது. ஹெட்டையும் சிலிண்டரையும் மட்டும் கழற்றிப் பார்த்தால் அது ஹாஃப் இன்ஜின். இன்ஜினையே இறக்கி, கிராங்க் கேஸைப் பிளந்தால் ஃபுல் இன்ஜின். பின்னதன் செலவு முன்னதைப் போல இரு மடங்கைத் தாண்டுவது சாதாரணம். ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றாமல் இதில் எது என்று சொல்வதில்தான் மெக்கானிக்கின் கைவண்ணம் தெரியும்.

கோவில்பட்டி வட்டாரத்தில் வண்டியின் கதையை மண்ணே பாதி சொல்லிவிடும். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் புழுதியாக எழும். ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ, சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ அந்தப் புழுதி கார்புரேட்டர் வழியே உள்ளே போய், ஆயிலோடு கலந்து, ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். வால்வு உட்கார லேப்பிங் பேஸ்ட் செய்யும் வேலையை இது வேண்டாத இடத்தில் செய்கிறது. ஐப்பசி மழையில் நிலைமை வேறு. களி மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தைப் பிடிக்க, முதல் கியரிலேயே முறுக்கி ஓட்ட வேண்டியிருக்கும். ஃபின்களுக்கு இடையிலும் மண் அடைத்துக்கொண்டால் காற்றால் குளிரும் இன்ஜின் சூடேறாமல் என்ன செய்யும்? இதன்மேல் உளுந்து மூட்டையும் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது புகை. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை தள்ளினால் சந்தேகம் ரிங்கின் மேல். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சற்றுத் தள்ளி, பிறகு நின்றுவிட்டால் வால்வு சீலாக இருக்கலாம். அது சிறிய செலவு. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுக் கம்ப்ரஷன் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. அழுத்தம் கூடினால் குறை ரிங்கிலும் போரிலும். கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வில்.

சிலிண்டரைத் தூக்கியதும் ஒரு சோதனை உண்டு. அதைப் பார்ப்பதே ஒரு ரசனை. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைப்பார்கள். பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு. மேலும் கீழும் துளி ஆட்டம் தெரிந்தாலும் பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. ஹாஃப் இன்ஜின் அந்த நொடியில் ஃபுல் இன்ஜின் ஆகிறது. விரல் உணரும் இந்த அசைவைப் பொறுத்துத்தான் எஸ்டிமேட் இரட்டிக்கிறது.

போரின் அளவு அடுத்தது. ஸ்ப்ளெண்டர் போன்ற 97.2 சிசி இன்ஜினில் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. தேய்மானம் எங்கும் ஒன்றுபோல் விழாது. ரிங் எட்டும் உச்சியில் அதிகம், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கான திசையில் அதிகம். அதனால் ஒரே இடத்தில் அளந்து சொல்லும் கணக்கை நம்ப முடியாது. தேய்ந்த போரை 0.25, 0.50 என்று அடுத்த ஓவர் சைஸுக்கு லேத்தில் குடைவார்கள். நல்ல லேத்காரர் பிஸ்டனைக் கையில் வாங்காமல் வேலை தொடங்கமாட்டார். பிஸ்டனை அளந்து, அதற்கேற்பத்தான் போர். குடைந்தபின் ஹோனிங்கில் விழும் குறுக்குக் கோடுகள்தான் ஆயிலைப் பிடித்துவைக்கும். நிக்கசில் பூச்சுள்ள கேடிஎம் போன்ற வண்டிகளுக்கு இந்த வழி கிடையாது. சிலிண்டர் செட்டையே மாற்ற வேண்டும், செலவும் எகிறும்.

ராடு மாற்றினால் கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்துச் சேர்த்து, டயல் கேஜில் சுழற்றி, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். மலிவாக முடித்த கிராங்க் சில மாதங்களில் அதிர்ந்து காட்டிக்கொடுக்கும். இந்தக் கூலியில் பேரம் பேசுவது புத்திசாலித்தனமல்ல.

விட்டுப்போகும் செலவுகள் சில்லறையாகத்தான் தெரியும்: பேக்கிங் செட், ஆயில் சீல், டைமிங் செயின், பிரித்த கையோடு மாற்ற வேண்டிய கிளட்ச் பிளேட். ஆயிலும் ஒரு முறை ஊற்றினால் போதாது. ரிங் உட்காரும்போது உதிரும் துகளுக்காகச் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி மாற்ற வேண்டும். தேர்ந்த மெக்கானிக் ஒரே தொகையாகச் சொல்வதில்லை. “ராடு நல்லாயிருந்தா இவ்வளவு, ஆடுனா இவ்வளவு” என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார், பழைய பாகங்களையும் திருப்பிக் கொடுப்பார்.

ஃபுல் இன்ஜினுக்கு ஒப்புக்கொள்ளும் முன் ஆர்.சி. புத்தகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கும் செலவும் இதே கணக்கில் சேரும்.